முத்தாத்தாள் காட்டுக்கு வந்த அண்ணன்மார்

முத்தாத்தாளின் காட்டில் ஒரு பானை வெள்ளிக் காசு கிடைத்த சேதி எங்கள் வில்லேஜ் ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது, அது காசாக வரவில்லை, சாமியாக வந்தது. நடுவில் நான்கே நாள்தான் போயிருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கையில் நான்கு நாள் கொடுத்தால் எதையும் சாமியாக்கிவிடுவார்கள். அதைத் திரும்பக் காசாக்க நான் பட்ட பாட்டுக்குச் சர்க்கார் ஒரு நாள் படிகூடத் தரவில்லை.

அப்போது எழுபத்து நான்காம் வருசம். பாலக்காட்டுச் சீமையில் பெருமாட்டிப் பக்கத்தில் நான் வில்லேஜ்மேன். பேரு பழனிச்சாமி. வில்லேஜ்மேன் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். நோட்டீஸ் ஒட்டுவது, வரி கட்டாதவர்கள் வீட்டு நாயிடம் கடி வாங்குவது, மலையாளத்தில் வரும் காகிதத்தைத் தமிழில் படித்துச் சொல்லி, எழுதியவனுக்குச் சேர வேண்டிய திட்டையும் நானே வாங்கிக்கொள்வது, இவ்வளவுதான். எனக்கு முன்கோபம் உண்டு. அதை இந்த வேலைதான் வளர்த்தது என்று என் வீட்டில் சொல்வார்கள்.

முத்தாத்தாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் போய் ஐந்து வருசம். மூன்று ஏக்கர் விவசாயக் காடு, ஒரு கிணறு. கிணறு என்று மரியாதைக்குச் சொல்ல வேண்டும். மாசி பிறந்தால் அது வெறும் பள்ளம். அறுபது தென்னம்பிள்ளை வைத்தாள், கோடையில் காய்ந்தது. மறுபடி அறுபது வைத்தாள், அதுவும் காய்ந்தது. கிணற்றை இருபது அடி ஆழப்படுத்தி ஒரு மோட்டார் வைத்தால் பிழைத்துக்கொள்வாள். இல்லையென்றால் காட்டை விற்க வேண்டியதுதான். வாங்க ஆள் தேட வேண்டாம். மூன்று பக்கமும் இருபது ஏக்கர் தோப்பு வைத்திருந்த பொங்கியண்ணன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

கூடப்பிறந்தவர்தான், ஆனால் பன்னிரண்டு வருசமாக அவள் வீட்டுப் படலைத் திறந்து உள்ளே வந்ததில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். முத்தாத்தாள் புது வீடு குடிபோன புண்ணியார்ச்சனையில் அவள் புருஷன் முதல் தாம்பூலத்தைப் பொறந்தவன் கையில் கொடுக்காமல், அவசரத்தில், கரண்டு ஆபீஸ் ஓவர்சியர் கையில் கொடுத்துவிட்டான். நான்கு வெற்றிலை, இரண்டு பாக்கு. அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். அதற்கப்புறம் ஒரு பொங்கலுக்கும் தங்கச்சிக்குச் சீர் வரவில்லை. அவள் புருஷன் செத்தபோது பொறந்த வீட்டுக் கோடிச் சேலையைக்கூட ஆள் வசம் கொடுத்தனுப்பினார். நல்ல மனிதர், கோயில் தர்மகர்த்தா, ஊருக்கு நியாயம் சொல்கிறவர். ரோஷம் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதுமானது.

அந்த வருசம் மூன்றாவது முறையாக முத்தாத்தாள் குழி வெட்டினாள். பன்னிரண்டாவது குழியில் மண்வெட்டி மண்பானையில் இடித்தது. உடைந்த பானைக்குள் கறுத்துப்போன வில்லைகள். ஒன்றை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். வெள்ளி பளிச்சென்று தெரிந்தது. ஒரு பக்கம் ஒரு ஆண்பிள்ளையின் தலை. மறுபக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒரே உயரம், ஒரே நிலை. நடுவில் இரண்டு கேடயம், இரண்டு ஈட்டி.

நம் பக்கத்தில் பிறந்தவள் அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? கையில் ஆயுதத்தோடு ஜோடியாக நிற்கும் இரண்டு பேர் எங்களுக்கு இந்த உலகத்திலேயே இரண்டு பேர்தான். அண்ணன்மார் சாமி. தங்கச்சிக்காக உயிரையே விடக்கூடிய அண்ணன்மார், ஒரே களத்தில் இளம் வயசில் மாண்ட வீரர்கள். எங்கள் ஊர்க் கோயிலும் அவர்கள் கோயில்தான். முத்தாத்தாள் இன்னும் நாலைந்து வில்லையைத் தேய்த்தாள். ஒன்றில் ஒரு பொம்பளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கையில் ஒரு கொப்பு. சந்தேகமே இல்லை, அண்ணன்மாரின் தங்கச்சி தங்காத்தாள், வேப்பங்கொப்போடு.

அவள் குழிக்குள்ளேயே கற்பூரம் ஏற்றி, குலவை போட்டு, ஊரைக் கூட்டிவிட்டாள். கூட்டம் வந்து ஆராய்ச்சி பண்ணியது. இரண்டு பேர் தலைக்கு நடுவே ஒரு கரண்டி மாதிரியும், வளைந்த கோல் மாதிரியும் இருந்ததா, கரண்டி பொங்கல் வைக்கிறதற்கு, கோல் ஆடு மேய்க்கிற தொரட்டி என்று தீர்மானமாயிற்று. பின்பக்கத்துத் தலை அவர்கள் அப்பா. சுற்றியிருந்த எழுத்தை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம் பொங்கியண்ணன் தாரை தப்பட்டையோடு வந்தார். படலுக்கு வெளியே நின்றார். முத்தாத்தாள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போய், கண்ணில் நீர் ஒழுக அவர் ஆள் கையில் கொடுத்தாள். பானை கோயில் பெட்டிக்குள் போயிற்று. சாவி தர்மகர்த்தா மடியில். பங்குனித் திருவிழாவுக்குள் அதை உருக்கி அண்ணன்மாருக்கு வெள்ளிக் கவசம் பண்ணுவதென்று முடிவாயிற்று.

நான்காம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தில் டீக்கடையிலேயே சொல்லிவிட்டேன். புதையல் எடுத்தால் சர்க்காருக்குச் சொல்ல வேண்டும், சர்க்கார் காசை எடுத்துக்கொண்டு அதற்கு மதிப்புப் போட்டு, காட்டுக்காரிக்குப் பணம் தரும், இப்படிச் சட்டம் இருக்கும்போது இந்த மடச்சி அதைத் தூக்கிக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாளே என்றேன். ஒரு மணி நேரத்தில் முத்தாத்தாள் ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"ஏனுங்க பழனிச்சாமி, குடுத்த சாமியத் திருப்பி வாங்க முடியுங்களா?"

மோட்டார் விலை அவளுக்கு மனப்பாடம். கிணறு வெட்டுக்கூலி மனப்பாடம். அந்தப் பணம் வந்தால் காடு நிற்கும், வராவிட்டால் இந்தக் கோடையோடு போகும், அதுவும் அண்ணன் கைக்கே போகும். இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். சாமியென்று கூவினது யார் வாய் என்று நான் கேட்டேன். என் வாய்தானுங்க என்று ஒப்புக்கொண்டாள். அது சாமி இல்லை, காசு என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, மேலே ரிப்போர்ட் எழுதினேன். பொதுவாக நான் எழுதும் ரிப்போர்ட்டுக்கு பதில் வர ஆறு மாதம் ஆகும். இதற்கு ஒன்பதாம் நாள் ஆளே வந்தார்.

தொல்பொருள் ஆபீசர். மலையாளி, ஒல்லியான மனிதர், குடையும் பூதக்கண்ணாடியுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார். கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பொங்கியண்ணன் பெட்டியைத் திறந்தார். ஆபீசர் ஒரு காசைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கல்யாணமாகிப் பத்து வருசம் கழித்துப் பிள்ளை பெற்றவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம். அவர் மலையாளத்தில் பேசப் பேச, நான் தமிழில் சொன்னேன்.

இது ரோமாபுரி வெள்ளிக் காசு என்றார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருசப் பழசு. கப்பலில் வந்து, மிளகுக்கும் துணிக்கும் கல்லுக்கும் விலையாகக் கொடுத்துவிட்டுப் போன காசு. நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வியாபாரிகள் கடற்கரைக்கும் கிழக்குச் சீமைக்கும் போய் வந்தார்கள், அப்படிப் போன யாரோ புதைத்து வைத்திருக்கிறான். தலை, ரோமாபுரி ராஜாவின் தலை. எழுத்து அவர்கள் பாஷை. கரண்டியும் கோலும் அவர்கள் ஊர்ப் பூசாரிகள் வைத்துக்கொள்வது. இதுவரைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சனம் வாயைப் பிளந்து கேட்டது. இனி இரண்டு நிமிஷத்தில் சாமி காசாகிவிடும் என்று நான் முத்தாத்தாளைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அப்போது பொங்கியண்ணன், அந்த இரண்டு பேர் யாரென்று கேட்கச் சொன்னார்.

ஆபீசர் உற்சாகமாகிவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் அண்ணன் தம்பி, ராஜாவின் மகள் வயிற்றுப் பேரன்கள், ராஜா அவர்களைத் தன் பிள்ளைகளாகவே தத்தெடுத்துக்கொண்டான், கேடயமும் ஈட்டியும் அவர்களுக்குச் செய்த மரியாதை. ஆனால் பாவம், பட்டத்துக்கு வருவதற்குள், இளம் வயசிலேயே, ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேரும் செத்துப்போனார்கள்.

நான் அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தேன். அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கியிருக்கலாம். பதினாறு வருசமாகக் காகிதத்தில் உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்லிப் பழகிய புத்தி, விழுங்க விடவில்லை. கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை குலவை போட்டாள். அண்ணன் தம்பி, ராசா வீட்டுப் பிள்ளைகள், கையில் ஆயுதம், இளம் வயசுச் சாவு, இன்னும் என்னய்யா வேண்டும் என்று ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சில பேர் ஆபீசர் காலிலேயே விழுந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, எந்தா இவர் செய்யுன்னது என்று கேட்டார். சாமி இல்லை என்று நிரூபிக்க வந்தவரே, ஆமாம் என்று முத்திரை குத்திவிட்டதை அவருக்கு எப்படிச் சொல்வது?

விட்டேனா? என்னிடம் இன்னொரு ஆயுதம் இருந்தது. சரி, சாமியே என்று வைத்துக்கொள்வோம், சாமியைத் தீயில் போட்டு உருக்கிக் கவசம் பண்ணலாமா, அது எந்த ஊர் பக்தி என்று பொங்கியண்ணனை மடக்கினேன். எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது. அவர் சித்தெ நேரம் யோசித்தார். பழனிச்சாமி சொல்வது நியாயம், உருக்க வேண்டாம், அப்படியே பெட்டியில் வைத்து வருசா வருசம் பூசை போடுவோம் என்றார். ஊர் கைதட்டியது. நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

ஆபீசர் சட்டம் சொன்னார். கலெக்டர், போலீஸ் என்றார். இளவட்டங்கள் சட்டைக் கையை மடித்தார்கள். அவர் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று என் காதில் கேட்டார். போலீஸ் வந்தால் கேஸாகும், கேஸானால் காசு கோர்ட்டில் கிடக்கும், முத்தாத்தாள் பேத்தி காலத்தில் தீர்ப்பு வரும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முத்தாத்தாள் எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசுகிற வழக்கமில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பன்னிரண்டு வருசத்தில் முதல் முறையாக அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இது அண்ணன்மார்தானுங்களே?"

"மொதல்ல சொன்னவளே நீதான" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"இப்பவும் அதையேதான் சொல்றனுங்க."

நான் சொல்லிக்கொடுத்தது என்ன, இவள் பேசுவது என்ன? ஒரு வார்த்தை திட்டலாமென்று வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அண்ணன்மாருக்கு இங்க கோயல் இருக்குது. பக்கத்துலயே உங்க தோப்பு இருவது ஏக்கரா இருக்குது. அதெல்லாம் உட்டுப்போட்டு என்ற காட்டுக்கு எதுக்குங்க வந்தாங்க?"

அவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இந்த ஊர்ல பொறந்த பொண்ணுக அத்தன பேருக்கும் அவிய அண்ணனுக. அண்ணன் தங்கச்சி ஊட்டுக்கு வெறுங்கையோட வரமாட்டானுங்க. சீர் கொண்டாந்திருக்கறாங்க. பன்னெண்டு வருசத்துச் சீர ஒரே பானையில போட்டுக் கொண்டாந்திருக்கறாங்க. பொறந்தவன் குடுத்த சீர எடுத்துக் கோயல் பொட்டிக்குள்ள பூட்டறது எந்த ஊர் மொறைங்க?"

முதலில் பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அது மெல்ல ஆண்கள் பக்கம் வந்தது. எங்கள் பக்கத்தில் தங்கச்சிக்குப் போன சீரில் கைவைக்கிறவன் கிடையாது. புருஷன் தொடமாட்டான், மாமியார் தொடமாட்டாள், சண்டைக்காரன்கூடத் தொடமாட்டான். அப்படியிருக்க, அண்ணன்மார் கோயில் முன்னாலேயே நின்றுகொண்டு, அண்ணன்மார் கொடுத்த சீரை அண்ணன் ஒருத்தன் பிடுங்கிக்கொண்டான் என்று ஊர் சொன்னால் என்ன ஆவது? இது அண்ணன்மார் இல்லை என்று பொங்கியண்ணன் இப்போது சொல்லலாம். சொன்னால் வெறும் காசாகி ஆபீசர் பைக்குப் போகும். அண்ணன்மார்தான் என்றால் தங்கச்சிக்குப் போகும். இரண்டு வழியையும் அவள் அடைத்துவிட்டாள். நான் போட்ட மடக்கெல்லாம் இதன் முன்னால் பிள்ளை விளையாட்டு.

ஆபீசர், அந்த ஸ்திரீ என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சீர் என்பதை எப்படி மொழிபெயர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. காசு அவளுடையது என்று சாமியே சொல்லிவிட்டது என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வருத்தமா கோபமா என்று சொல்லத் தெரியாத முகம். சீர் வராத பன்னிரண்டு வருசத்தை அவளும் எண்ணியிருக்கிறாள், ஊர் முன்னால் ஒரு குறையும் சொல்லாமலே சொல்லிவிட்டாள், அது அவருக்கு உறைத்துவிட்டது. மடியிலிருந்து சாவியை எடுத்து, ஒரு தட்டத்தில் வெற்றிலை வைத்து, அதன் மேல் வைத்து, அவள் பக்கம் தள்ளினார்.

காசைச் சர்க்காருக்கு ஒப்படைக்க, எண்ணிச் சாட்சியோடு பட்டியல் போடும் மகசர் வேலையை முத்தாத்தாள் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டோம். ஆபீசர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். அண்ணன் தம்பி முப்பத்தெட்டு, பொம்பளை உட்கார்ந்தது ஐந்து. அந்தப் பொம்பளையை அடுத்த ராஜாவின் அம்மாவாகச் சிலர் சொல்கிறார்கள் என்றார் ஆபீசர். இந்த முறை நான் அதை யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. பணம் வர ஒரு வருசமாவது ஆகும் என்றார். அதைச் சொல்லித்தானே ஆக வேண்டும், சொன்னேன். அடுத்த கோடைக்கு வந்தால்கூடப் போதுமுங்க, இந்தக் கோடைக்குத் தென்னம்பிள்ளைகளைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் முத்தாத்தாள்.

எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைக்கும்போதுதான் அது நடந்தது. அதுவரை அசராமல் நின்ற முத்தாத்தாள் பொலபொலவென்று அழுதாள். கூட்டத்தில் அவள் பேசியதெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. அவள் அதை நம்பித்தான் பேசியிருக்கிறாள். வீடு தேடி வந்த அண்ணன்மாரை ஒரு வேளை சோறு போடாமல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறோமே என்று அழுகிறாள். கோபக்காரனான நானும் அழுதால் நன்றாக இருக்காது என்று பேனாவை உதறினேன்.

மகசருக்குச் சாட்சிக் கையெழுத்து போட வந்திருந்த பொங்கியண்ணன் படலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்:

"அழுவாத அம்மிணி. அவிய போனா என்ன, நானொருத்தன் இல்லியா?"

முத்தாத்தாள் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "இருந்தீங்களா? பன்னெண்டு வருசமா ஆரும் எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் பொங்கியண்ணனுக்கும் மீசைக்குள் ஏதோ அசைந்தது. படலைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். வந்தவருக்கு எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். சேந்தித்தான் தர வேண்டும், இருங்கள் என்று அவள் குடத்தை எடுத்தாள். அவர் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கயிற்றை விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. எட்டி உள்ளே பார்த்தார். மேலே வந்த குடத்தில் கால் குடம் தண்ணீர், அதில் பாதி சேறு.

அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை.

"என்ற மோட்டார்ல இருந்து இங்க வாய்க்கா வெட்டிக்கலாம்" என்றார், குடத்தைப் பார்த்தபடியே. "உன்ற பணம் வர்ற வரைக்கும்."

"பணம் வந்ததும் தண்ணிக்குத் திருப்பிக் குடுக்கோணுங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். அவள் விடவில்லை, அப்புறம் அதற்கு என்ன பேருங்க என்று கேட்டாள்.

"சீரு" என்றார் பொங்கியண்ணன்.

அவள் உள்ளே போனாள். அரிசி களையும் சத்தம் கேட்டது. அப்புறம் கோழி ஒன்று கத்தியது. ஆபீசர் கடைசி பஸ் நாலரைக்கு என்று எனக்கு இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். சாட்சிக் கையெழுத்து இல்லாமல் நான் மகசரை மூட முடியாது. சாட்சி வாழையிலை முன்னால் உட்கார்ந்து, பன்னிரண்டு வருசத்துக்கும் சேர்த்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது.